தூசிக்கும் கணக்கு வேண்டும்

தோட்டத்தில் எதற்கும் கணக்கு உண்டு. பாலுக்கு நிறுவை, செம்பனைக் குலைக்கு எண்ணிக்கை, பெரட்டுக்குப் பிந்தினால் அதற்கும் ஒரு குறிப்பு. நாம் சுவாசிக்கிற தூசிக்குத்தான் கணக்கே கிடையாது.

நிபோங் திபாலில், பைராம் தோட்டத்துப் பக்கம் புலாவ் புரோங் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பினாங்குத் தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்தது. குப்பை மேட்டுத் தீ அடுப்புத் தீ மாதிரி அல்ல. மக்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். நாள்கணக்கில் புகைந்தது. பக்கத்துக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நிவாரண மையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. தீவில், கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்ட ஜெலுத்தோங் குப்பை மேடும் 2020 ஆகஸ்டில் எரிந்தது.

தீ என்றால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், தலைவர்கள் வருவார்கள். தீ இல்லாத நாளில் லோரி கிளப்புகிற தூசியைப் பார்க்க யார் வருகிறார்கள்? "தூசிதானே, தண்ணி அடிச்சா அடங்கிடும்" என்கிறார்கள். (ரோட்டுக்கு அடிக்கிற தண்ணியைத்தான்!) கண்ணுக்குத் தெரிகிற தூசி அடங்கும். நுரையீரலின் அடிவரை போகிற நுண்தூசி கண்ணுக்கே தெரியாது. 2.5 மைக்ரோனுக்கு உட்பட்ட அந்தத் தூசி, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 35 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் அரசாங்கம் வைத்த அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவோ 15.

சரி, நம் லயத்து வாசலில் எவ்வளவு? மிண்டனிலும் செபராங் ஜெயாவிலும் நிற்கிற கருவி அந்தந்த இடத்துக் காற்றைத்தான் சொல்லும்.

ஒருமுறை தூசிப் புகார் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். கூட வந்த அம்மா, "எந்நாளும்தாங்க ஐயா" என்றார். உண்மையான பதில்தான். ஆனால் ஃபைலில் ஏறாத பதில்.

பேராக், புக்கிட் மேரா மக்கள் ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்தபோது வெறும் கூச்சல் போடவில்லை. 1984-இல் ஜப்பானிய அறிஞர் சடாவோ இச்சிகாவா வந்து அளந்து கொடுத்த கணக்கு அவர்கள் கையில் இருந்தது. 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆனாலும் 1994-இல் ஆலையை மூடுவதாகக் கம்பெனியே அறிவித்தது.

ஆகவே தோழர்களே, லயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, மணி, காற்று அடித்த திசை, எந்த வீட்டுப் பிள்ளைக்கு இருமல், எல்லாம் எழுதுங்கள். கிளினிக் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சங்கக் கிளை அதில் கையெழுத்துப் போட்டு, 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்பட்டும்.

துறையிடம் நாம் கேட்பது பெரிதல்ல. வெயில் காலத்தில் ஒரே ஒரு மாதம், தமிழ்ப்பள்ளிப் பக்கம் ஒரு கருவியைக் கொண்டுவந்து வையுங்கள். கரண்ட் வேண்டுமென்றால் கோயிலிலிருந்து வயர் இழுத்துத் தருகிறோம்.