ஆமையைக் கைவிட்டது ஜெனீவா அல்ல

ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக அமைப்பின் பாகுபாடின்மை விதி கடலாமைகளைப் பலிகொடுத்துவிட்டது என்ற பேச்சு கால் நூற்றாண்டாக நடக்கிறது. 1999இல் சியாட்டில் நகரில் ஆமை வேடமிட்டு ஊர்வலம் போனவர்களின் குற்றச்சாட்டும் இதுதான். சாத்தான்குளத்துக்குத் தெற்கே பெரியதாழை முதல் தூத்துக்குடி வரை கடலை நம்பியே பிழைப்பு நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு அடிப்படையான தீர்ப்பைத் தவறாகப் படிப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆமை தப்பிக்க வழிசெய்யும் சாதனம் இல்லாத இழுவலையில் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்றது அமெரிக்கா. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் வழக்குத் தொடுத்தன. 1998 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆமைக்காக இறக்குமதியைத் தடுக்கவே கூடாது என்று அது சொன்னதா? இல்லை. கடலாமை தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளம். அதைக் காக்கும் நடவடிக்கைக்கு காட் எனும் பொது வர்த்தக ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவில் இடமுண்டு என்றே சொன்னது.

அமெரிக்கா தோற்றது வேறிடத்தில்: நாடுகளிடையே பாகுபாடு காட்டியதில். கரீபியன் வட்டார நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம் கொடுத்தது. நமக்கு நான்கே மாதம். அவர்களோடு உட்கார்ந்து உடன்படிக்கை பேசியது. நம்மோடு அந்த அக்கறையோடு பேசவில்லை. எல்லாவற்றையும்விட, சாதனம் பொருத்திப் பிடித்த இறாலையும், சான்று பெறாத நாட்டுச் சரக்கு என்பதற்காகவே திருப்பி அனுப்பியது. ஆமையைத் தப்பவிட்ட படகுக்கும் தண்டனை என்றால், அங்கே காக்கப்பட்டது ஆமை அல்ல.

"நாம்தான் ஜெயித்தோமே, பிறகும் தடை எதற்கு?" என்ற ஏற்றுமதியாளர் வாதமும் நிற்காது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது. அதை எதிர்த்து மறுபடி வழக்காடிய மலேசியா 2001இல் தோற்றது. 2019இல் அமெரிக்கா நம் கடல் இறாலுக்குக் கதவடைத்தபோது, ஆமைக்குத் தீங்கு செய்யாத பண்ணை இறால் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது.

சாதனம் என்பது வலையின் மடிக்கு முன்னால் பொருத்தும் கம்பிச் சட்டம்தான். இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குள் போகும். ஆமை சட்டத்தில் முட்டி, பக்கத்துத் திறப்பு வழியே வெளியேறும். பெரிய மீனும் அப்படியே போய்விடுமே என்று விசைப்படகுக்காரர்கள் கவலைப்படுவது நியாயம். அந்த இழப்பைக் குறைக்கவே கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தனி வடிவமொன்றை உருவாக்கியது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இதைத் தடுக்க அந்தக் கம்பிச் சட்டத்தை நம் விசைப்படகுகளில் அரசு மானியத்தோடு பொருத்தவைப்பதை ஜெனீவாவின் எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை.