சத்தத்துக்கு இருக்கும் காசு பின் சில்லுக்கு இல்லையா?

இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கும் நேரம் பார்த்துத்தான் சைலன்சர் மாற்றிய பைக்குகளோடு நம் பிள்ளைகள் ஆரம்பிக்கிறார்கள். அக்குறணை டவுனிலிருந்து ஒரு பைக் கிளம்பினால் மெயின் ரோட்டு வீடுகளில் கைக்குழந்தைகள் திடுக்கிட்டு விழிக்கின்றன. நோன்பு இரவுகளில் சொல்லவே வேண்டாம், தராவீஹ் தொழுகை நடக்கும்போதே பள்ளிவாசலைத் தாண்டி வெடித்துக்கொண்டு போகிறார்கள். ஏ9 வீதி இங்கே மலைகளுக்கு நடுவில் போகிறது. கீழே எழும் சத்தம் சரிவில் உள்ள ஒரு வீட்டையும் விடுவதில்லை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுத்தந்த மார்க்கம் நமது. நாமோ காசு கொடுத்து இடையூறை வாங்கிப் பூட்டுகிறோம்.

கம்பனி சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் தடுப்புத் தகடுகளும் சத்தத்தை உடைப்பதற்கென்றே வைத்தவை. அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பூட்டினால் பிக்கப் கூடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். 100, 125 சிசி எஞ்சினில் கூடுவது சத்தம்தான். கார்பரேட்டர் வண்டியென்றால் காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவு குழம்பி எஞ்சின் சூடேறும், அக்சலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும். புதிய வண்டிகளில் நச்சுப் புகையைக் குறைக்கும் கன்வேர்ட்டரும் சேர்ந்தே போய்விடும். புகைப் பரிசோதனை நாளில் மட்டும் பழைய சைலன்சர் திரும்பி வரும். 2025 ஜனவரியில் பொலிஸ் இப்படி மாற்றிய சைலன்சர்களைத் தீவிரமாகப் பிடிக்கத் தொடங்கியபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் பொலிஸ் நிற்கும் சந்தி வரைக்கும்தான் அந்தப் பயம்.

இதைவிட மனதை அறுப்பது அதே வண்டியின் பின் சில்லு. அண்மையில் ஒரு கராஜில் பார்த்தேன். மினுங்கும் புதுக் குழாய். அதற்கு ஒரு சாண் தள்ளிச் செயின் தொங்குகிறது, விரலால் தூக்கினால் இரண்டு அங்குலம் எழும்புகிறது. ஸ்ப்ராக்கெட் பற்கள் தேய்ந்து ஒரே பக்கம் வளைந்துவிட்டன. டயர் நடுவில் மொட்டை. செயின் கவரையும் சாரி கார்டையும் அழகுக்காகக் கழற்றியாயிற்று. இந்த வண்டியில்தான் அதன் சொந்தக்காரப் பையன் உம்மாவை ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறான். அபாயாவின் ஒரு முனை அந்தச் சில்லில் சிக்கினால் அவரை ரோட்டில் இழுத்துப் போட ஒரு நொடி போதாதா?

பெரும்பாலான சிறிய பைக்குகளுக்குச் செயினில் 20 முதல் 30 மில்லிமீற்றர் தளர்வு போதும். அதிகம் தளர்ந்தால் செயின் கழன்று ஓட்டத்திலேயே சில்லைப் பூட்டிவிடும், அதிகம் இறுக்கினால் பேரிங் போகும். சுமார் 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும். செயினை இழுத்துப் பூட்டும்போது பின் அச்சின் இரு பக்கக் குறியும் ஒரே அளவில் நிற்காவிட்டால் சில்லு கோணிவிடும். பிங்கா ஓயா பெருகினால் டவுனுக்குள் வெள்ளம் வரும் ஊர் இது. அந்தச் சேற்றில் ஓடிய வண்டியின் செயினில் மணலும் பிரேக் டிரம்மில் சேறும் இருக்கும். அதைக் கழற்றித் துப்புரவாக்காமல், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லி என்ன பயன்?

உதிரிப்பாகம் விலையென்கிறார்கள். உண்மைதான். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது, பலரிடம் ஓடுவது பழைய வண்டி. ஆனால் சைலன்சர் வாங்கும்போது அந்தச் சாட்டு எங்கே போனது?

வாப்பாமாரே, மகன் வண்டிக்குக் காசு கேட்டால் எதற்கென்று கேளுங்கள். கராஜ் பாஸ்மாரே, குழாய் மாற்ற வருபவனிடம் முதலில் செயினையும் டயரையும் காட்டிப் பேசுங்கள். பள்ளி நிர்வாகத்தினர் ஒரு ஜும்ஆவிலாவது இதைச் சொல்ல வையுங்கள். தம்பிமாரே, கழற்றி மூலையில் போட்ட சைலன்சரையும் சாரி கார்டையும் இந்தக் கிழமையே திரும்பப் பூட்டுங்கள். பொலிசுக்காக வேண்டாம், பின்னால் உட்காரும் உம்மாவுக்காகப் பூட்டுங்கள்.