நீர் தாங்கும் ஆலயம்

பாஸ்டன் மாநகரின் காப்லி சதுக்கத்துக்கு வருவோர் டிரினிட்டி ஆலயத்தின் கோபுரத்தை அண்ணாந்து நோக்குகின்றனர். அதன் உயிர்நிலையோ மண்ணுக்கடியில் இருக்கிறது. எபிஸ்கோபல் திருச்சபையைச் சார்ந்த இச்சபை 1733ஆம் ஆண்டு தோன்றியது. சம்மர் தெருவில் நின்ற அதன் முந்தைய ஆலயம் 1872 நவம்பரில் மூண்ட பெருந்தீயில் அழிந்தது. புதிய ஆலயம் எழுந்த பேக் பே பகுதியோ, அலைநீர் புகுந்த சதுப்பை மண்ணிட்டு மேடாக்கிய நிலம்.

அந்நிலம் கல்லின் பாரத்தைத் தாங்காது. ஆதலின் ஏறத்தாழ 4,500 மரத்தூண்களை மண்ணுள் இறக்கினர். நடுக்கோபுரத்துக்கெனக் கருங்கல்லால் நான்கு கூம்புப் பீடங்களை எழுப்பினர். நீரில் மூழ்கியிருக்கும்வரை அம்மரம் அழியாது. நீர் வடிந்து காற்றுப் பட்டதும் பூஞ்சை பற்றும், மரம் உளுத்துப்போகும்.

ஆலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன், அந்நாளில் பலரும் விரும்பிய கூர்வளைவுப் பாணியைத் துறந்து, அரைவட்ட வளைவுகளையும் கனத்த சுவர்களையும் தேர்ந்தார். கோபுரத்துக்கு ஸ்பெயினின் சாலமன்கா பழம்பேராலயம் முன்மாதிரி ஆயிற்று. குருவானவர் பிலிப்ஸ் புரூக்ஸ் நிகரற்ற சொற்பொழிவாளர். அவர் குரல் அனைவரையும் எட்டுமாறு தூண்கள் மறைக்காத அகன்ற நடுவெளி அமைந்தது. ஜான் லா ஃபார்ஜின் ஓவியங்கள் செந்நிறச் சுவர்களில் ஒளிர, 1877 பிப்ரவரி 9 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. எட்டே ஆண்டுகளில், கட்டடக் கலைஞர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் அமெரிக்காவின் தலைசிறந்த கட்டடமாகத் தேர்வு பெற்றது. அத்தீர்ப்பு இன்றும் பிழையன்று என்பதே நம் துணிபு.

ஆயினும் புகழ் அடித்தளத்தைக் காக்கவில்லை. பக்கத்து மனையில் ஜான் ஹான்காக் நிறுவனத்தின் 60 மாடிக் கட்டடத்துக்காக மண்ணை அகழ்ந்தபோது நிலம் நகர்ந்தது. ஆலயத்தின் கட்டமைப்பு ஊறுபட்டது. வழக்கு நெடிது நடந்தது. 1987இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதிசெய்தது. வாங்குவோரும் விற்போரும் இல்லாத வழிபாட்டிடத்துக்குச் சந்தை விலையை அளவுகோலாகக் கொள்ளாமல், அதைச் சீர்செய்ய ஆகும் செலவையே கணக்கில் கொள்ளலாம் என்று அம்மன்றம் ஏற்றது. பழம்பெரும் கட்டடங்களைக் காப்போர் அனைவரும் கைக்கொள்ளத்தக்க நெறி இது.

இழப்பீடு கல்லைச் சீர்செய்யலாம். மரத்தூண்களைக் காக்கும் நிலத்தடி நீர் வடிந்தால், அதை மீட்காது. பேக் பேயின் பழைய வீடுகள் பலவும் இத்தகைய மரத்தூண்கள் மீதே நிற்கின்றன. பழுதுற்ற கழிவுநீர்க் குழாய்கள் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டு போகின்றன. நீர்மட்டத்தை அளக்கும் கிணறுகளை நகரம் வைத்திருப்பது நன்று. அளவு தாழ்ந்ததாகக் கிணறு காட்டும் தெருவில், விரிசல் தோன்றும்வரை காத்திராமல் குழாயை உடனே செப்பனிடுவது நகராட்சியின் கடமை.