யாருடைய ஞாயிற்றுக்கிழமை?

பெங்களூரில் நடந்த ஃப்ரீலான்சர் மாநாடு ஒன்றுக்குப் போய்வர எனக்கு ஆன செலவை முதலில் எழுதிவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் 1,500 ரூபாய். உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து பெங்களூர், திரும்பும்போது இருட்டிவிட்டதால் ஓசூரிலிருந்து ஆட்டோ, எல்லாம் சேர்த்து 900. அன்று செய்திருக்க வேண்டிய சப்டைட்டில் வேலை 800 ரூபாய் பெறும். மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா காசு வாங்க மாட்டார். அவர் மகனுக்கு ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து அந்தக் கடனை அடைத்தேன். முந்தைய இரவே இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்ததையும், வந்ததும் குவிந்து கிடந்த பாத்திரத்தைத் துலக்கியதையும் கணக்கில் சேர்க்கவில்லை. யாரும் சேர்ப்பதில்லை.

மாநாட்டில் நாள் முழுக்கச் சுதந்திரம் பற்றிப் பேசினார்கள். உங்கள் நேரத்துக்கு நீங்களே முதலாளி என்றார்கள். பெண்களுக்கென்று தனி அமர்வும் இருந்தது. வீட்டையும் கவனித்துக்கொண்டு சம்பாதிக்கவும் முடிவது நமக்குக் கிடைத்த வரம் என்றார் அதை நடத்தியவர். குறைந்த காசுக்கு வேலை கேட்டால் ‘முடியாது’ என்று சொல்லப் பழக வேண்டும் என்றும் அறிவுரை சொன்னார்.

நான் எழுந்து கேட்டேன்: “நான் முடியாதுன்னு சொன்னா, அந்த வேலை அடுத்த நிமிஷம் இன்னொரு பொண்ணுக்குப் போகுது. அவளும் முடியாதுன்னு சொல்ல என்ன வழி? எல்லாரும் சேர்ந்து ஒரு அடிவிலை வெச்சா என்ன?”

“அது யூனியன் பேச்சு மேடம். நாம கம்யூனிட்டி” என்றார். அரங்கம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உத்தனப்பள்ளி ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. தக்காளியும் ரோஜாவும் விளையும் பூமி. சிப்காட்டுக்கு எங்கள் நிலத்தை எடுக்காதீர்கள் என்று 2023இல் விவசாயிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடிய ஊர். ஊரை அடுத்துள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு இளம்பெண்கள் பேருந்து பேருந்தாக ஷிப்டுக்குப் போகிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண் தொழிலாளி என்றால் பத்திரிகைகளுக்கு அவர்கள் முகம்தான் தெரியும்.

ஆலைக்குள் போகாதவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றதும் ‘ஷிப்டெல்லாம் வேண்டாம்’ என்று நிறுத்தப்பட்டவர்கள், சும்மா இருக்கிறார்களா? எங்கள் தெருவிலேயே ஒருவர் ஓசூரிலிருந்து வரும் துணி மூட்டைக்குப் பிசிறு வெட்டிப் பட்டன் கட்டுகிறார். ஒருவர் முழக்கணக்கில் பூ கட்டுகிறார். பி.காம். படித்த ஒருவர் மூன்று கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறார். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் தெரிந்த ஒருவர் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தருகிறார். நான் சப்டைட்டில் போடுகிறேன். ஐந்து பேருக்கும் சம்பளச் சீட்டு இல்லை, பிஎஃப் இல்லை, பிரசவ விடுப்பு இல்லை. தெருவில் கணக்கெடுக்க வந்தவர் ஐவரையும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டு போனார்.

ஃப்ரீலான்ஸ் என்ற சொல் வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவல் வழியாகப் பரவியது. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் போர் செய்யும் ஈட்டிக்காரன் என்று பொருள். அவன் குதிரையேறிப் போய்விடலாம். அவன் பிள்ளைக்கு யார் சோறூட்டுகிறார்கள் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை. இன்றைய மாநாடுகளுக்குள்ளும் இல்லை. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தை ஏற்கெனவே இழந்துவிட்டவளிடம் போய், உன் நேரத்துக்கு நீயே முதலாளி என்று சொல்வது கேலி.

‘லேப்டாப்பில் வேலை செய்யும் நீங்கள் எங்கே, பட்டன் கட்டுபவர் எங்கே’ என்று என் தோழிகளே கேட்டார்கள். படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி இனிக்கும். ஆனால் சட்டம் நம்மைப் பிரிக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலை கொடுப்பவருக்காகத் தன் வீட்டிலோ தான் தேர்ந்த இடத்திலோ பொருளோ சேவையோ உருவாக்கிக் கூலி பெறுபவரை வீடுசார் தொழிலாளி என்றது. பொருளோ, சேவையோ. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த வகை இருக்கிறது. ஊசி வைத்திருப்பவளுக்கும் மவுஸ் வைத்திருப்பவளுக்கும் சட்டத்தில் ஒரே பெயர். நமக்குள் நாம்தான் ‘ஃப்ரீலான்சர்’ என்றும் ‘கூலிக்காரி’ என்றும் இரண்டு பெயர் வைத்துக்கொண்டோம். ஏஜென்ட்டுக்கு அது வசதி.

பெயர் மட்டும் இருந்தால் சோறு கிடைத்துவிடாது. 2023 சுதந்திர தின உரையில் தமிழ்நாடு முதலமைச்சர் கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அறிவித்தார். உணவும் ஆட்களும் ஏற்றி ஓடும் தொழிலாளர்களை மனத்தில் வைத்த அறிவிப்பு அது. அவர்கள் சாலையில் இருக்கிறார்கள், சிக்னலில் கூடுகிறார்கள், வண்டியை நிறுத்தினால் நகரம் கவனிக்கிறது. நாம் வேலையை நிறுத்தினால் நம் வீட்டுக் கூடத்துக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே நமக்குக் கூட்டம் என்பது உயிர்நாடி. அந்தக் கூட்டத்தை யார் வசதிக்கு நடத்துகிறோம் என்பதில்தான் சண்டை.

சென்ற ஆண்டு உத்தனப்பள்ளியில் நாங்களே ஒன்று நடத்தினோம். முதல் தகராறு தேதியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னேன். பட்டன் கட்டும் அக்கா சிரித்தார்: “ஞாயித்துக்கெழம யாருக்கும்மா லீவு? அவருக்கு லீவு, புள்ளைங்களுக்கு லீவு. கறி எடுத்து ஆக்கணும், ஒரு வாரத் துணி தொவைக்கணும். எனக்கு அன்னிக்குத்தான் டபுள் ஷிப்டு.” உழைக்கும் பெண்களுக்காக ஞாயிறு தோறும் மாநாடு கூட்டும் எல்லோரும் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். புதன்கிழமை என்று முடிவானது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் பத்தரைக்குத் தொடங்கி, அவர்கள் திரும்புமுன் மூன்று மணிக்கு முடிப்பது.

இரண்டாவது தகராறு இடம். குறைந்த வாடகைக்குக் கிடைத்த மண்டபம் ஒரு சாதிக்காரர்களுடையது. “வாசல் வரைக்கும்தான்க்கா எங்களை விடுவாங்க. உள்ள உக்கார வெச்சாலும் எங்களுக்கு உக்கார முடியாது” என்றார்கள் காலனிப் பெண்கள். அவர்கள் தெருவிலேயே ஒரு காலி மனையில் பந்தல் போட்டோம். பெயர் கொடுத்திருந்தவர்களில் பதினோரு பேர் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்தப் பதினோரு பேருக்காக இடத்தை மாற்றியிருந்தால் வந்த முப்பத்துநான்கு பேரில் பாதியை இழந்திருப்போம். எல்லோரையும் அரவணைப்பது என்று பேசுகிறவர்கள், யாரை விட்டுவிட்டு யாரை அரவணைக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பணம். கட்டணம் வைக்கவில்லை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு அன்றைய கூலியாக 200 ரூபாய் கொடுப்பது, அதை லேப்டாப் வைத்திருப்பவர்கள் போடுவது என்று பேசினோம். ‘கூட்டத்துக்கு வர காசு கொடுப்பது அரசியல் கட்சி வேலை’ என்றார் ஒரு தோழி. பெங்களூரில் மேடையில் பேசியவர்களுக்கு விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பேச வருகிறவருக்குக் கொடுத்தால் மரியாதை, கேட்க வருகிறவளுக்குக் கொடுத்தால் லஞ்சமா?

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் தம்பிமார், அண்ணன்மார், வீட்டுக்காரர் என்று ஆறு ஆண்களை அழைத்தோம். நான்கு பேர் வந்தார்கள். சாம்பாரில் உப்பு அதிகம். ஆனாலும் பரிமாறக் கையில் கரண்டியோடு எந்தப் பெண்ணும் எழுந்து போகாத கூட்டமாக அது இருந்தது.

பெங்களூர் மாநாட்டுச் சீட்டில் ‘குழந்தைகளுக்கு அனுமதியில்லை’ என்று அச்சடித்திருந்தார்கள். தமிழ்நாட்டில் பெண்கள் மாநாடு கூட்டியது நேற்றல்ல. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. நீலாம்பிகை அம்மையார் தலைமை. தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மீனாம்பாள் சிவராஜ் போன்றோர் முன்னின்றார்கள். அடுத்த நாளே இந்தி எதிர்ப்பு மறியலுக்குப் பெண்கள் கிளம்பினார்கள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவர்களும் அந்தப் போராட்டத்தில் உண்டு. சிறைக்கே பிள்ளையோடு போன மரபில் வந்த நாம், மாநாட்டுக்குப் பிள்ளையோடு போகக் கூச்சப்பட வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாநாட்டைப் பள்ளிப்பிள்ளைகள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் தந்ததற்காக. பட்டம் தந்தவர்களின் பெயரைக் கேட்டால் வகுப்பு மௌனமாகும். நம் கூட்டத்தின் குறிப்பை நாமே எழுதி வைக்காவிட்டால் இதுதான் நடக்கும்.

எங்கள் கூட்டத்தில் சொற்பொழிவு இல்லை. சுவரில் சார்ட் ஒட்டி, என்ன வேலை, யார் மூலம் வருகிறது, என்ன விலை, காசு எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று ஒவ்வொருவரும் எழுதினோம். எழுதத் தெரியாதவர் சொல்ல, அடுத்தவர் எழுதினார். தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் பேச்சு ஓடியது. மதியத்துக்குள் அந்தத் தாள் பேச ஆரம்பித்துவிட்டது. அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இருவர், ஒரே ஏஜென்ட்டிடம், ஒரே மூட்டைக்குப் பிசிறு வெட்டுகிறார்கள். ஒருவருக்கு உருப்படிக்கு 90 காசு, இன்னொருவருக்கு 60. ‘உனக்கு மட்டும்தான் இந்த ரேட்டு, வெளிய சொல்லாத’ என்று இருவரிடமுமே சொல்லியிருக்கிறார். அந்த அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நாலு வருஷம்” என்று மட்டும் சொன்னார். பந்தலுக்குள் ஒரு சத்தமில்லை.

பெங்களூரில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தும் ஒருவர்கூடத் தன் விலையை வாய்விட்டுச் சொல்லவில்லை. விலையை மறைத்து நட்பை மட்டும் பரிமாறுவதற்குத்தான் கம்யூனிட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விலை கேட்டதற்கு விலை இருந்தது. அடுத்த வாரம் அந்த இருவருக்கும் மூட்டை வரவில்லை. மூன்று வாரம் வேலையில்லை. சிலர் தங்கள் மூட்டையைப் பகிர்ந்தார்கள். சிலர் அவர்களுக்கு வர வேண்டிய மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. நான்காவது வாரம் ஏஜென்ட் வந்தார். இப்போது எங்கள் தெருவில் எல்லோருக்கும் 90 காசு. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். முப்பது காசு.

‘சேர்ந்து விலை வைத்தால் வேலையே வேறு ஊருக்குப் போய்விடும்’ என்பார்கள். போகலாம். போயும் இருக்கிறது. வீட்டில் பீடி சுருட்டுகிறவரும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதை அமல்படுத்தக் கேரளம் முனைந்தபோது மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் 1968இல் கண்ணூர் வட்டாரத்தில் வேலையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 1969இல் அவர்கள் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து முதலாளிகள் போட்ட வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வீட்டில் உட்கார்ந்து உருப்படிக் கணக்கில் வேலை செய்கிற பெண்களுக்கு அடையாள அட்டையும் பிஎஃப்பும் சாத்தியம் என்று பீடி சுற்றும் பெண்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

‘முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குச் சங்கம்’ என்பார்கள். 1972இல் அகமதாபாத்தில் இளா பட் ‘சேவா’வைப் பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறையும் இதையே கேட்டது. சங்கம் என்பது தொழிலாளர்கள் ஒன்றுசேர. எதிரில் ஒரு முதலாளி நின்றாக வேண்டும் என்று அவசியமில்லை என்று வாதாடிப் பதிவு பெற்றார்கள். சேவாவும் சேர்ந்து குரல் கொடுத்ததால்தான் 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

மாணவிகளுக்கு ஒன்று. படித்து முடித்ததும் உங்களில் பலருக்கு ஃப்ரீலான்ஸ் வேலைதான் கிடைக்கும். பளபளப்பான மாநாடுகளுக்கு அழைப்பும் வரும். போங்கள். போய் நான்கு கேள்வி கேளுங்கள். ஏன் ஞாயிற்றுக்கிழமை? குழந்தைக்கு எங்கே இடம்? இந்த வாசலுக்குள் வர முடியாதவர் யார்? இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் அனைவரும் நம் விலையை இப்போதே, உரக்கச் சொல்லத் தயாரா? நான்காவது கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரிக்காத ஒருத்தி அந்த அரங்கில் எங்காவது இருப்பாள். தேநீர் இடைவேளையில் அவளைத் தேடிப் பிடித்து, முதலில் உங்கள் விலையைச் சொல்லுங்கள்.

எங்கள் அடுத்த கூட்டமும் ஒரு புதன்கிழமைதான். உப்பை இந்த முறை அளந்து போடச் சொல்லியிருக்கிறோம்.