சீனம் வரவில்லையா, நாம் வரவிடவில்லையா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற ரமழானுக்குச் சில நாட்களுக்கு முன், ஹாங்காங்கில் நான் ஓதிக்கொடுக்கும் மாலை நேர மதரஸாவிற்கு ஓர் இளைஞர் வந்தார். சிறுவயதில் என்னிடம் ஓதியவர். ஐந்து ஜுஸ்வுகளை மனனம் செய்தவர். வேலை தேடுவதாகவும் துஆச் செய்யுமாறும் கேட்டுக்கொண்டார். கையில் ஒரு வேலை விளம்பரம் இருந்தது. முழுவதும் சீன எழுத்து. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஹாங்காங்கில் பிறந்து, பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வேறொருவரிடம் காட்டித்தான் படித்துத் தெரிந்துகொண்டாராம். சீனம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனை.

துஆச் செய்து அனுப்பினேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அவருடைய வாப்பா என்னிடம் வந்தது நினைவிற்கு வந்தது. "சீனப் பாடத்தில் மகன் மிகவும் பின்தங்குகிறான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மதரஸாவிலிருந்து சற்று முன்னதாக அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் இது: "சீனம் போனால் போகட்டும். ஆங்கிலம் போதும். தீன்தான் முக்கியம்."

தீனுக்கும் சீனத்திற்கும் இடையில் இல்லாத ஒரு போட்டியை அன்று நான் உண்டாக்கினேன். அதன் விலையை நான் கொடுக்கவில்லை, அந்தப் பிள்ளை கொடுக்கிறார். ஆகவே இக்கட்டுரையில் வரும் கண்டனம் முதலில் என்னையே சேரும். அதன் பிறகு உங்களிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

"நம் பிள்ளைகளுக்கு ஏறாது" என்னும் பேச்சு

"சீனம் நம் பிள்ளைகளுக்கு ஏறாது" என்று நம் வீடுகளில் பிள்ளைகளின் காதுபடவே பேசுகிறோம். இதைவிட ஆதாரமற்ற பேச்சு வேறில்லை.

604 பக்கங்கள் கொண்ட குர்ஆனை ஒரு ஹர்ஃபும் பிசகாமல் நெஞ்சில் சுமக்கும் சிறுவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தொடக்கப்பள்ளியை முடிக்கும் சீனப் பிள்ளை அறிந்திருக்க வேண்டிய எழுத்துகள் ஏறக்குறைய மூவாயிரம். முன்னதைத் தாங்கும் நினைவாற்றல் பின்னதைத் தாங்காது என்று எந்த அறிவைக் கொண்டு சொல்கிறோம்?

ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். 'கல்ப்' என்பதைக் காஃப் கொண்டு சொன்னால் நாய், தொண்டையடியிலிருந்து எழும் 'ஃகாஃப்' கொண்டு சொன்னால் இதயம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தஜ்வீதில் கற்றுக்கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையும் பிரித்துச் சொல்லப் பழகிவிடுகிறது. ஹாங்காங்கில் பேசப்படும் கன்டோனீஸ் மொழியில் 'மாய்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு தொனியில் சொன்னால் வாங்குதல், மற்றொரு தொனியில் சொன்னால் விற்றல். வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் வேறென்ன வேண்டும்? மக்ரஜைப் பிரித்தறியும் காது தொனியையும் பிரித்தறியும். முறையாகக் கேட்கவைக்க வேண்டும், அவ்வளவே.

எழுத்தும் வெறும் கோடுகளின் குவியல் அன்று. ஆறு, கடல், ஏரி ஆகிய மூன்று எழுத்துகளிலும் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகள் இருக்கின்றன. 'அம்மா' என்பதற்கான எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரைக்கும் தாய்க்கும் என்ன உறவு என்று பிள்ளை திகைக்கும். குதிரையைக் குறிக்கும் சொல்லின் ஒலியும் 'மா' என்பதே. ஆகவே பெண் பொருளைச் சொல்கிறது, குதிரை ஒலியைச் சொல்கிறது. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இவ்வாறு அமைந்தவையே. காஃப், தா, பா என்னும் மூன்று மூல எழுத்துகளிலிருந்து கிதாப், காதிப், மக்தப் என்று விரித்துக் காட்டுகிறோம் அல்லவா? அதுபோல எழுத்தைப் பிரித்துக் காட்டினால் பிள்ளை புரிந்துகொள்ளும். பிரித்துக் காட்டாமல் ஐம்பது முறை பார்த்து எழுதச் சொன்னால், எழுதி முடித்ததும் மறந்துவிடும்.

உண்மையான சிரமம் எங்கே?

சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹாங்காங்கில் பேசுவது கன்டோனீஸ். எழுதுவது பொதுச் சீன எழுத்துநடை. பேச்சில் 'அவர்' என்பதற்குக் 'கெய்' என்பார்கள், பாடநூலில் 'தா' என்று இருக்கும். பேச்சில் 'அல்ல' என்பதற்கு 'ம்' என்பார்கள், எழுத்தில் 'பட்' என்று வரும். விளையாட்டுத் திடலில் காதால் பிடித்த மொழியைச் சீனப் பிள்ளையே பாடநூலில் அப்படியே காண்பதில்லை. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் அறிந்த நமக்கு இது விளங்காத செய்தி அன்று. ஆனால் சீனப் பிள்ளைக்கு வீட்டில் தாய் இருக்கிறார், தாத்தா இருக்கிறார், தொலைக்காட்சியில் வசனம் எழுத்தாக ஓடுகிறது. நம் பிள்ளைக்கோ பள்ளி வாசலைத் தாண்டினால் சீனம் முடிந்துவிடுகிறது. சொல்வதெழுதுதல் ஏட்டில் சிவப்பு மையில் பூஜ்யம் விழும்போது அந்த ஏட்டைப் படிக்கக்கூட வீட்டில் ஆளில்லை.

பள்ளிகளும் இதில் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. சீனர் அல்லாத பிள்ளைகளைச் சில குறிப்பிட்ட பள்ளிகளில் குவித்து வைக்கும் நிலை நெடுங்காலம் இருந்தது. 'நியமிக்கப்பட்ட பள்ளிகள்' என்னும் அந்தப் பெயர் 2013ஆம் கல்வியாண்டில்தான் நீக்கப்பட்டது. 2014ஆம் கல்வியாண்டில் சீனத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கான கட்டமைப்பு வந்தது. இத்தகைய மாணவர் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 8 இலட்சம் முதல் 15 இலட்சம் ஹாங்காங் டாலர் வரை கூடுதல் நிதி என்றும் அறிவிக்கப்பட்டது. பெயர் போயிற்று, பணமும் வந்தது. ஆனால் பல வகுப்பறைகளில் நடப்பது என்ன? நம் பிள்ளைகளைத் தனியே அழைத்து அமரவைத்து, எளிய பாடநூலைக் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டும் எளிய நூல், அதற்கடுத்த ஆண்டும் எளிய நூல். அந்த எளிய படியிலிருந்து மேலேறிப் பொது வகுப்பில் சேர்வதற்கான ஏணி எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

இறுதியில் டி.எஸ்.இ. சீனத் தாளுக்குப் பதிலாக ஜி.சி.எஸ்.இ. சீனம் எழுதவைக்கிறார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கையில் அது மாற்றாக ஏற்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அதன் தரம் உள்ளூர்த் தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்புகளை ஒட்டியது என்பது ஆசிரியர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. சான்றிதழில் உயர்ந்த மதிப்பெண் இருக்கும்; வேலை விளம்பரத்தைப் படிக்க முடியாது. அந்த இளைஞரிடமும் அத்தகைய சான்றிதழ் ஒன்று இருந்தது.

நாம் சொல்லும் மூன்று சாக்குகள்

"முப்பது ஆண்டுகள் சீன எழுத்துத் தெரியாமலே வியாபாரம் செய்தோமே!" என்பது முதல் சாக்கு. காயல்பட்டினத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் சென்று இரத்தின வணிகத்தில் நிலைபெற்ற நம் பெரியவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் வாழ்ந்த ஹாங்காங் வேறு. சீனம் அங்கே ஆட்சிமொழித் தகுதி பெற்றதே 1974இல்தான். 1997 வரை அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஊர். இன்று அரசுப் பணிகள் பலவற்றிற்கும், மருத்துவமனை முதல் வங்கி வரையிலான வேலைகளுக்கும் சீனம் வேண்டும். வாப்பாவின் கடையில் அமர்வது ஒன்றே வழி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதிவைப்பது நியாயமா?

"எப்படியும் ஊருக்கு அனுப்பிவிடுவோம்" என்பது இரண்டாவது. சீனத்தில் தோற்று, பத்து வயதில் ஊருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பாடத்திலும் திணறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாப்பா ஒரு நாட்டில், உம்மாவும் பிள்ளைகளும் ஒரு நாட்டில் என்று குடும்பம் பிரிவதற்கு ஒரு பாடத்தின் மதிப்பெண் காரணமாகலாமா?

"சீனப் பிள்ளைகளோடு பழகினால் ஈமான் போய்விடும்" என்பது மூன்றாவது. இதைத்தான் நான் மிகவும் கண்டிக்கிறேன். சீன மண்ணில் இஸ்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேரூன்றியது. வாங் தாய்யூ என்னும் பேரறிஞர் இளமையில் மார்க்கக் கல்வி மட்டுமே பெற்றவர். வளர்ந்த பிறகே சீன இலக்கியக் கல்வியைத் தேடிக் கற்றார். கற்று, 1642இல் இஸ்லாமியக் கொள்கையை உயர்ந்த சீன நடையில் விளக்கி நூல் வெளியிட்டார். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் கண்டதுபோல, சீன முஸ்லிம்களும் அரபு எழுத்தில் சீனத்தை எழுதினார்கள். ஈமானைக் காத்தது மொழியறியாமை அன்று. ஹாங்காங்கின் வான்சாய் பள்ளிவாசலில் இன்றும் ஹலால் திம்சம் சாப்பிடச் சீன முஸ்லிம்களோடு ஒரே மேசையில் அமரலாம். அமர்கிறோம். ஆனால் ஸலாமுக்கு அப்பால் அவர்களோடு பேச நமக்கு வார்த்தை இல்லை.

ஆதாரம் வேண்டுவோருக்கு

"சீனா சென்றேனும் கல்வியைத் தேடு" என்பதை மேடைதோறும் ஹதீஸாகச் சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது; இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் அதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம். நமக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தமக்கு வரும் கடிதங்களுக்குப் பிறரை நம்பியிருக்க வேண்டாம் என்பதே காரணம். அரை மாதம் ஆவதற்குள் ஸைத் (ரலி) அதில் தேர்ந்தார்கள் என்று திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையைப் படிக்க அண்டை வீட்டாரின் கதவைத் தட்டி நிற்கும் நாம் அந்தச் செய்தியில் நம்மைப் பார்க்க வேண்டாமா? மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் சூரத்துர் ரூமில் கூறுகிறான். அவனுடைய அத்தாட்சியைப் பிள்ளையின் முன் பழிப்பது என்ன அதபு?

செய்ய வேண்டியவை

முதலாவது, வயது. கன்டோனீஸ் பேசும் மழலையர் பள்ளியில் மூன்று வயதிலேயே சேருங்கள். ஆங்கிலப் பாலர் பள்ளியைப் பெருமைக்காகத் தேடிப் போய், ஆறு வயதில் சீனப் பாடநூலின் முன் பிள்ளையைத் தனியே நிறுத்தாதீர்கள். அந்த மூன்று ஆண்டுகளைப் பிறகு மீட்பது மிகக் கடினம்.

இரண்டாவது, முறை. ஹிஃப்ழில் நாம் கையாள்வதையே இங்கும் கையாளுங்கள். தினமும் ஐந்து புதிய எழுத்துகள் சபக். அந்த வாரத்தின் எழுத்துகள் மீள்பார்வை. பழையவை தவ்ர். மொத்தம் இருபது நிமிடம் போதும். ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. தேர்வுக்கு முந்தைய இரவில் நான்கு மணி நேரம் உட்காரவைத்து அடிப்பது ஹிஃப்ழிலும் பயன் தராது, சீனத்திலும் பயன் தராது. உம்மாவிற்குச் சீனம் தெரியாவிட்டாலும், பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி அருகில் அமர்ந்து கேட்க முடியும்.

மூன்றாவது, பள்ளியிடம் கேளுங்கள். கூடுதல் நிதி எந்த வகுப்புக்குச் செலவாகிறது? என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான்? பொது வகுப்பிற்கு எப்போது மாறுவான்? இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை. நன்கு பேசும் பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால் அது சோம்பேறித்தனமாக இல்லாமல், கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். மதிப்பீடு செய்யுமாறு கேளுங்கள், அடிக்காதீர்கள்.

நான்காவது, மதரஸா. இது என் பக்கத்துக் கடமை. எங்கள் மாலை வகுப்பின் இரண்டு மணி நேரத்தில் அரை மணி நேரத்தைச் சீன வீட்டுப்பாடத்திற்கு ஒதுக்கியிருக்கிறேன். நம் சமுதாயத்திலேயே சீனம் நன்றாகக் கற்ற கல்லூரிப் பெண் ஒருவர் வந்து சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். ஓதல் குறைந்துவிடும் என்று சிலர் வருந்தினார்கள். குறையவில்லை. வீட்டுப்பாடத்திற்குப் பயந்து மதரஸாவிற்கு வராமலிருந்த பிள்ளைகள் இப்போது வருகிறார்கள். மற்ற மதரஸாக்களின் உஸ்தாதுமார்களும் இதைச் செய்து பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இளைஞரும் வாரத்தில் மூன்று நாள் அந்த அரை மணி நேரத்தில் வந்து அமர்கிறார். எட்டு வயதுச் சிறுவர்களின் பக்கத்தில் அமர்ந்து, அவர்களுடைய பாடநூலையே பார்த்து எழுதுகிறார். அவர் வெட்கப்படவில்லை. அவர் எழுதும்போது அந்தப் பக்கம் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

நம் பிள்ளைகளின் நாவுகளையும் நெஞ்சங்களையும் அல்லாஹ் விசாலமாக்குவானாக! நம் அலட்சியத்தின் சுமையை அவர்கள் மீது ஏற்றாதிருக்க நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.