ரிப்பேரான பழைய கம்ப்ரசரை வாங்கலாமா?

“ஏற்காடு, நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கரில் காபி போட்டு, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். ஓடைக்கரையில் 350 அடி போர் இருக்கிறது. போன வருடம் பூ மழை தவறியதால் காபிப் பூ பாதி கருகிவிட்டது. சேலத்தில் ஒருவர் பழைய 5 ஹெச்.பி. போர்வெல் கம்ப்ரசரை 24 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். 3 கிலோவுக்கு மேல் பிரஷர் ஏறவில்லை. ரிங் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். டேங்க்கின் அடியில் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வீட்டு நகையை அடகு வைத்து வாங்கலாமா?”

- ஏற்காடு வாசகர் ஒருவர்.

நகையைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன், ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிப் போரில் இறக்கிப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது தெரியாமல் கம்ப்ரசரை விலை பேச முடியாது.

போருக்குள் கம்ப்ரசரின் மோட்டாரோ இம்பெல்லரோ எதுவும் இறங்குவதில்லை. ஏர் பைப் வழியாகக் காற்று கீழே போகிறது. டெலிவரி பைப்பில் அது தண்ணீரோடு கலந்து, எடை குறைந்த கலவையாக மேலே வருகிறது. காற்று வெளியே வர வேண்டுமென்றால், மேலே நிற்கும் தண்ணீரின் எடையை அது முதலில் தள்ள வேண்டும். சுமார் 33 அடித் தண்ணீருக்கு 1 கிலோ பிரஷர் என்பது கணக்கு. இந்தப் போரில் தண்ணீர் 100 அடியில் நின்று, பைப்பை 340 அடியில் இறக்கினால், 240 அடி தண்ணீருக்குள் இருக்கும். ஆரம்பிக்கவே 7 கிலோவுக்கு மேல் வேண்டும். 3 கிலோ ஏறுகிற மெஷின் அந்த ஆழத்தில் ஒரு சொட்டுக்கூட எடுக்காது. பைப்பை 200 அடிக்குத் தூக்கினால் அதே மெஷின் தண்ணீரைத் தள்ளும்; ஆனால் மட்டம் இறங்க இறங்க வெறும் காற்றுதான் வரும். விற்பவர் மேலாகத் தண்ணீர் நிற்கும் போரில் ஓட்டிக் காட்டினால், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஓடும்போதும் பைப்பின் மொத்த நீளத்தில் பாதியாவது தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக எடுக்கும். கால் பங்குக்குக் குறைந்தால் காற்று விரயம். சேர்வராயன் மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கிறது. கோடையில் மட்டம் சட்டென்று இறங்கும் என்பதால், பிப்ரவரி, மார்ச்சில் அளப்பதே சரியான அளவு.

இன்னொன்றையும் சேலத்து வியாபாரி சொல்ல மாட்டார். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. சேலத்தில் ஒரு கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றில் ஏழில் ஒரு பங்கு மலையில் குறையும். கீழே திணறுகிற மெஷின், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் இன்னும் திணறும்.

இனி பழுது. ரிங்தான் காரணம் என்று விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. டேங்க்கில் ஏறுகிற அளவு ஏற்றி, வெளி வால்வை மூடி, மோட்டாரை நிறுத்த வேண்டும். கேஜ் முள் இறங்கினால் டேங்க்கிலோ, நான் ரிட்டர்ன் வால்விலோ கசிவு. முள் நின்றால் குறை ஹெட்டில். அப்போது ஓடும்போதே ஆயில் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். புகையாகக் காற்று உந்தினால் ரிங், சிலிண்டர் தேய்மானம். காற்று ஏர் ஃபில்டர் வழியாகத் திரும்பித் தள்ளினால் வால்வு பிளேட். வால்வும் கேஸ்கெட்டும் சின்னச் செலவு. ரிங்கோடு சிலிண்டரும் கீறலாகியிருந்தால் அது வேறு செலவு. ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்து உலோகத் துகள் மின்னினால், கிராங்க், பேரிங் பக்கம் சேதம். அந்த மெஷினை விட்டுவிடலாம்.

டேங்க் விஷயத்தில் பேரம் கிடையாது. உள்ளே தேங்கும் தண்ணீரால் அடிப்பகுதிதான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே வெல்டிங் வைத்திருக்கிறார்கள் என்றால், அதைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்திருக்கும். காற்று நிரம்பிய டேங்க் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கு ஆபத்து. அதைத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். காற்றை ஏற்றிச் சோதிப்பது கூடாது. வாசகரின் வழக்கில் டேங்க்கைத் தள்ளிவிட்டு, ஹெட், மோட்டார், ஸ்டார்ட்டர் மூன்றுக்கு மட்டும் விலை பேசுவதே நல்லது.

அடகு வைக்கும் முன் காபிக்கு வேண்டிய தண்ணீரையும் கணக்குப் போட வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் மழை பெய்வது என்றால் 1 லட்சம் லிட்டர். இரண்டு ஏக்கருக்கு 2 லட்சம். போரில் மணிக்கு 3,000 லிட்டர் வந்தால் 67 மணி நேரம். தினமும் 8 மணி நேரம் ஓட்டினால் எட்டு நாளுக்கு மேல். தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து நனைத்தால் சமாளிக்கலாம். ஆனால், கம்ப்ரசரில் வரும் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் கொட்டும். அதில் ஸ்பிரிங்க்ளர் சுற்றாது. தொட்டியில் தேக்கி, வேறு ஒரு பம்பு வைத்துத் தள்ள வேண்டும். போர் ஓடைக்கரையில், தோட்டம் சரிவின் மேலே என்றால் அந்தப் பம்பு கட்டாயம். கம்ப்ரசர் விலையோடு தொட்டி, பம்பு, பைப், வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால்தான் அசல் செலவு தெரியும்.

கம்ப்ரசருக்கு ஒரு இடம் உண்டு. மணல், சேறு கலந்து வரும் போர், சற்று வளைந்த போர், சீக்கிரம் வற்றி ஊறும் போர் இவற்றில் அது தாங்கும். மெஷினை ரோட்டோரக் கொட்டகையில் வைத்து, ஏர் பைப்பை மட்டும் இறக்கத்துக்குக் கொண்டுபோகலாம். மற்றபடி, அதே தண்ணீரை எடுக்க சப்மெர்சிபிளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் செலவாகும்.

24 ஆயிரத்துக்கு இது வேண்டாம். வெல்டிங் வைத்த டேங்க்கை நீக்கி, வாசகரின் சொந்த மெக்கானிக் ஹெட்டைத் திறந்து பார்த்த பிறகு, ரிப்பேரும் சேர்த்துப் புதிய கம்ப்ரசரின் விலையில் பாதிக்குள் அடங்கினால், அதுவும் கோடை மட்டம் மேலே சொன்ன கணக்குக்கு ஒத்துவந்தால் மட்டும், அடுத்த பேச்சு. அதற்கு முன் மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட ஹெச்.பி. எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் பம்புசெட் மானியம் இப்போது உண்டா என்றும் ஒரு நடை கேட்டு வருவது நல்லது. சிறு, குறு விவசாயி சான்றிதழ், சிட்டா கையில் இருக்கட்டும்.