காட்டுத்தீக்கு முன் ஓர் ஆயத்தம்

2018 நவம்பர் 8 அன்று, கலிபோர்னியாவின் பாரடைஸ் என்னும் மலைநகரை, பழுதுற்ற மின்கம்பியிலிருந்து பிறந்து உக்கிரமான காற்றினால் உந்தப்பட்ட காட்டுத்தீ சில மணி நேரத்திலேயே சாம்பலாக்கிற்று என்பதும், அதில் பிராணனை இழந்த 85 பேரில் பெரும்பாலோர் விருத்தர்கள் என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க விஷயங்களாகும். கீழே இறங்கும் சாலைகள் சிலவே. அவற்றில் பல்லாயிரவர் ஏககாலத்தில் வாகனங்களுடன் திரண்டமையால் போக்குவரவு ஸ்தம்பித்துப்போயிற்று.

ஆகவே, கட்டாய உத்தரவு வரும்வரை காத்திராமல், முதல் எச்சரிக்கை கேட்ட மாத்திரத்திலேயே புறப்பட்டுவிடுவதுதான் விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்விதம் புறப்பட வேண்டுமாயின், பத்திரங்கள், மருந்துகள், மூக்குக்கண்ணாடி, குடிநீர், கைவிளக்கு முதலியவற்றை ஒரே பையில் சேகரித்து வாசலருகே வைத்திருப்பதும், வெளியேறுவதற்கு இரண்டு மார்க்கங்களையேனும் குடும்பத்தார் யாவரும் அறிந்திருப்பதும், பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது என்று முன்னரே நிச்சயித்துக்கொள்வதும், மின்சாரம் நின்றுவிட்டால் கார் கொட்டகையின் கதவைக் கையால் திறக்கப் பழகியிருப்பதும் அத்தியாவசியமான காரியங்கள்.

இவையெல்லாவற்றினும் பிரதானமானது, அண்டை வீட்டில் தனித்து வாழும் முதியவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு இன்னாருடையது என்று அமைதியான காலத்திலேயே தீர்மானித்துவிடுவது; ஏனெனில், நடக்கமாட்டாதவரை மறந்துவிட்ட ஆயத்தம் எவ்வளவு விரிவானதாயினும் பூரணமானதாகாது.